ஆறாம் எண் பாட்டில்கள்

பாட்டிலை ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அடிப்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளிருந்த செடித்தண்டு பச்சையாகத்தான் இருந்தது. கணுவிலிருந்து இரண்டு துளிர்கூட எட்டிப் பார்த்திருந்தன. ஆனால் தண்டு அகர் கூழுக்குள் இறங்கும் இடத்தில், கஞ்சி சிந்தினாற்போல் ஒரு வெள்ளைக் கலங்கல் சுற்றி நின்றது. மூடியில் மார்க்கரால் எழுதியிருந்த எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தும் பார்த்தாள். ஆறு. அவளுடைய எண்.

அதை டிராலியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதுவும் ஆறு. அதிலும் கலங்கல்.

அந்தத் திசு வளர்ப்புக் கூடத்தில் வாரத்தின் முதல் நாள் காலையில் செடியைக் கணு கணுவாக வெட்டுகிறவர்கள் எல்லோரும் வளர்ப்பு அறைக்குள் போய், அவரவர் எண் போட்ட பாட்டில்களில் கெட்டதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். பூஞ்சணம் என்றால் பஞ்சு போலப் படர்ந்திருக்கும். பாக்டீரியா என்றால் இப்படிக் கலங்கி நிற்கும். மேலே இருப்பவர்கள் 'கன்டாமினேஷன்' என்று வாய் நிறையச் சொல்வதை வெட்டுகிறவர்கள் 'கண்டம்' என்று சுருக்கி வைத்திருந்தார்கள். உனக்கு இந்த வாரம் எத்தனை கண்டம், போன வாரம் ஒரு பெரிய கண்டம் போச்சு என்று அவர்கள் பேசிக்கொள்வதை வெளியாள் கேட்டால், ஜாதகம் பார்க்கும் இடம் என்று நினைத்துக்கொள்வார்.

அவளுக்கு மூன்று வாரமாகக் கண்டம். இது நாலாவது.

அங்கே வளர்ப்பது சர்ப்பகந்தி. முழங்கால் உயரச் செடி, கணுவுக்கு மூன்று இலை. ரத்த அழுத்தத்துக்கான மருந்து அதன் வேரில் இருக்கிறது. வேரில் இருப்பதுதான் அதன் போதாத காலம். பிடுங்கினால்தான் மருந்து, பிடுங்கினால் செடி இல்லை. காட்டில் பிடுங்கிப் பிடுங்கி அரிதாகிவிட்டது. விதை போட்டால் நாலில் மூன்று முளைக்காமல் சண்டித்தனம் செய்யும். அதனால் நல்ல செடி ஒன்றிலிருந்து கணுவை நறுக்கி, கிருமி நீக்கி, சத்துக் கலந்த அகரில் செருகிவிடுகிறார்கள். துளிர்த்ததும் அதையும் கணுக் கணுவாக நறுக்கி வேறு பாட்டில்களில் வைக்கிறார்கள். பிறகு வேர் பிடிக்க வைத்து, நிழல்வலைக் கூடாரத்தில் பழக்கி, தோட்டங்களுக்கு அனுப்புகிறார்கள். ஒரு தாய்ச்செடியிலிருந்து ஒரு வயலே வரும். ஒரு கிருமி நுழைந்தால் அந்த வயலும் வராது.

எனவே பாட்டில், அகர், கத்தி, இடுக்கி எல்லாம் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் அவிந்துதான் வெட்டும் மேசைக்கு வரும். மேசை மேல் வீசும் காற்றுகூட வடிகட்டிய காற்று. முன்னால் உட்காரும் ஆளைத்தான் எதிலும் போட்டு அவிக்க முடியாது. ஆளுக்கு ஸ்பிரிட், தொப்பி, கோட்டு, மாஸ்க். அதற்கு மேல் ஒரே ஒரு விதி: வெட்டும்போது பேசக் கூடாது.

அந்த விதியால்தான் அவளுக்கு அந்த மேசையே கிடைத்தது. வீட்டில் ஐந்து பிள்ளைகளில் கடைசி அவள். மூத்த நாலு பேரும் பேசி முடித்த பிறகு பேசுவதற்கு மிச்சம் மீதி எதுவும் இருந்ததில்லை. கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், இங்கே பாட்டில் கழுவ வந்து சேர்ந்தாள். கழுவும் இடத்தில் இரைச்சலுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் ஒரு பக்கம், பிரஷ் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்போதிருந்த மேலாளர் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு முசுடு. ஒருநாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர், "அந்தக் கோடியில நிக்கிற அம்மா வாயே திறக்கிறதில்ல. அவங்களைக் கொண்டுபோய் வெட்ட உட்கார வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கைநேர்த்தியைப் பார்த்துக் கொடுத்த வேலை அல்ல. கைநேர்த்தி பிறகு வந்தது.

அதன் பிறகு பல வருடங்கள் ஆறாம் எண் பாட்டில்களில் கண்டம் என்பதே அபூர்வம். புதிதாக வரும் பெண்களை முதல் வாரம் அவள் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார்கள். அவள் எதையும் விளக்க மாட்டாள். அவர்களும் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு போவார்கள்.

பக்கத்து மேசைக்காரிக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ரேடியோ என்று பெயர் விழுந்துவிட்டது. உடை மாற்றும் அறையில் கோட்டின் கடைசிப் பொத்தான் போடும்வரை பேசுவாள். மாமியார், பேருந்து நடத்துனர், பல்வலி, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் அங்கே வந்து போகும். மாஸ்க் ஏறியதும் ஸ்விட்சை அணைத்தாற்போல் நின்றுவிடும். அவளுடைய பாட்டில்கள் பளிச்சென்று இருந்தன.

"உங்க வீட்டுக்காரருக்குப் பிரஷர் ஏத்துறதும் நீங்க, அதுக்கு மருந்து வளர்க்கிறதும் நீங்க. நல்ல வியாபாரம் அக்கா இது" என்று ரேடியோ அடிக்கடி சொல்வாள்.

அவள் சிரித்துக்கொள்வாள். யாருடைய பிரஷரையும் அவள் ஏற்றியதாக ஞாபகம் இல்லை.

கணவருக்குப் பிரஷர் இருந்தது உண்மை. ஓர் அச்சகத்தில் பைண்டிங் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சகத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து மாத்திரையும் செய்தித்தாளுமாக நாள் போய்க்கொண்டிருந்தது. வேறு ஊரில் அவருடைய அண்ணன் குழாய், பூட்டு, பெயின்ட் விற்கும் கடை வைத்திருந்தார். கடையில் நம்பிக்கையான ஆள் வேண்டும், மாடி வேறு காலியாகக் கிடக்கிறது, குடும்பத்தோடு வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட்டார். இவரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வெளியூரில் படிக்கும் மகளிடம் போனில் சொன்னார். முடிவெட்டுகிறவரிடம் சொன்னார். மாடி ஏறிப்போய், வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னார். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எதைச் சொன்னாலும் சரி என்று சொல்கிற ஆளிடம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு காலை, அவள் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரம்மா மாடிப்படியில் பாதி இறங்கி நின்று கூப்பிட்டார்.

"புதுசா வர்றவங்க சமையல்கட்டை ஒரு தடவை பாக்கணுங்கறாங்க. நீங்க எப்படியும் கொஞ்ச நாள்ல காலி பண்றீங்க. சாயந்தரம் கூட்டிட்டு வரட்டுமா?"

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், "கூட்டிட்டு வாங்க" என்றாள்.

மாலையில் வந்து அடுப்பைத் துடைத்து வைத்தாள். வந்தவர்களுக்கு எந்தக் குழாய் சொட்டும், எந்த ஜன்னலை அழுத்திச் சாத்த வேண்டும் என்றுகூடக் காட்டினாள். அவர்கள் நல்ல மாதிரியாக இருந்தார்கள். திரைச்சீலைக்கு ஜன்னலை அளந்துகொண்டு போனார்கள். அன்று சாப்பிடும்போது கணவர், அண்ணன் கூப்பிட்ட கதையை முதலிலிருந்து சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பின்னதை அவர் கவனிக்கவில்லை.

போனால் மேசை போய்விடும். அந்த ஊரில் இப்படி ஓர் இடம் கிடையாது. போகாமல் இருக்க அவள் கையில் இருந்த காரணம் அந்த மேசை ஒன்றுதான். அதைச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். ஒரு மாதம் இப்படியே போன பிறகு ஆறாம் எண் பாட்டில்கள் கலங்க ஆரம்பித்தன.

முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரம் மேற்பார்வையாளர் வந்தார். அவளுடைய மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பதற்றப்படாத பெண். மேசையின் வடிகட்டியைச் சோதித்தார். ஆட்டோகிளேவைச் சோதித்தார். அகரைத் தனியே வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. மூன்றாம் வாரம் அவளையும் ரேடியோவையும் மேசை மாற்றி உட்கார வைத்தார். அவளுடைய பழைய மேசையில் ரேடியோ வெட்டியவை தெளிவாக இருந்தன. ரேடியோவின் மேசையில் அவள் வெட்டியவை கலங்கின.

"கண்டம் உங்க பின்னாலயே வருது அக்கா" என்றாள் ரேடியோ. பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியதுபோல் பல்வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

நாலாவது வாரம், டிராலியின் கீழ்த்தட்டு நிறைந்த அந்த நாளில், மேற்பார்வையாளர் இரண்டு வட்டத் தட்டுகளில் அகர் ஊற்றிக்கொண்டு வந்தார். ஒன்றை ரேடியோவின் மேசையிலும் ஒன்றை அவள் மேசையிலும் மூடி திறந்து வைத்து, வழக்கம்போல வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, வளர்ப்பு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். உணவு இடைவேளையில் தட்டுகளை மூடி எடுத்துப்போனார். மூன்றாம் நாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு இரண்டையும் மேசைமேல் வைத்தார்.

ஒரு தட்டில் எதுவும் இல்லை. மற்றதில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கடுகு அளவில் புள்ளிகள். சில இடத்தில் தனித்தனியாக, சில இடத்தில் கொத்தாக.

"இது உங்களுடையது அக்கா. வாயிலேருந்து வர்ற கிருமி."

"மாஸ்க் போட்டிருக்கேனே மேடம்."

"போட்டிருக்கீங்க. ஆனா அது அசையுது. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். நீங்க பேசிக்கிட்டே வெட்டுறீங்க. பேசப் பேச முன்னாடி சாயறீங்க, மாஸ்க் மூக்கிலேருந்து இறங்குது."

"நானா?"

அதில் நடிப்பு இல்லை. அவளுக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் அதை நம்பினார் என்று முகத்தில் தெரிந்தது.

"என்ன பேசுறீங்கன்னு நான் கேக்கல. அது உங்க விஷயம். ஆனா வேற வழி இல்ல. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். சரியாகலைன்னா கொஞ்ச நாள் கழுவுற பக்கம் போயிடுங்க. தாய்ச்செடி வரிசையே போயிடும், அதான்."

அவள் சரி என்றாள்.

மேசைக்குத் திரும்பி, ஸ்பிரிட் தொட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, தன்னையே ஒட்டுக்கேட்க உட்கார்ந்தாள். முதல் கணு, இரண்டாவது கணு. மூன்றாவதை அகரில் செருகும்போது உதடு தானாக அசைந்தது. *யாரைக் கேட்டு அவங்ககிட்ட சொன்னீங்க?* அவள் கத்தியை வைத்தாள்.

அப்போதுதான் பிடிபட்டது. ஒரு மாதத்துக்கு மேலாக உள்ளே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவள் கேட்பாள், கணவர் பதில் சொல்வார், அவள் மடக்குவாள். சில நாள் அண்ணனும் வந்து உட்கார்ந்துவிடுவார். அவருடைய மனைவி குறுக்கே ஏதாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வாள். மகள் நடுநிலை வகிப்பாள். வீட்டுக்காரம்மா பாதிப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வாதம்கூட அவள் தோற்றதில்லை. அத்தனையும் மாஸ்க்குக்குள் நடந்து, சொட்டுச் சொட்டாகச் சர்ப்பகந்தியின் மேல் இறங்கியிருக்கிறது. போகாமல் இருக்க ஒரு காரணம் வைத்திருந்தாள். அந்தக் காரணத்தை வாதாடியே அழுக வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மருந்துக் கடையில் காயத்துக்குப் போடும் டேப் வாங்கினாள். உடை மாற்றும் அறையில் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, உதட்டின் மேல் குறுக்காக ஒட்டி, அதற்கு மேல் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டாள். பேச்சு நின்றது. ஆனால் வாக்கியம் வருவது நிற்கவில்லை. வாய் வரைக்கும் வந்து முட்டியது. முட்டும்போதெல்லாம் கை நின்றது. வழக்கமாக வெட்டுவதில் பாதிகூடத் தேறவில்லை. சாயங்காலம் டேப்பைப் பிய்த்தபோது தோலும் கொஞ்சம் கூடவே வந்தது.

வீட்டில் கணவர் தரையில் உட்கார்ந்து தம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மளிகைக் கடையில் கேட்டு வாங்கிவந்த பெட்டிகள். அவற்றின்மேல் சோப்பு விளம்பரம். பைண்டிங் பார்த்த கை. ஒவ்வொரு தம்ளருக்கும் மடிப்பு நேராக விழுந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"வாய்ல என்ன, செவந்திருக்கு?"

"டேப்பு."

"டேப்பா? எதுக்கு?"

"பேசாம இருக்கறதுக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தம்ளர் ஆடியது. "உனக்கா? உன்னைப் பேச வைக்கறதுக்கு ஏதாவது கண்டுபிடிச்சாங்கன்னா சொல்லு, நானே வாங்கிட்டு வரேன்."

அவள் பையை ஆணியில் மாட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணன் ஊருக்கு நான் வரல."

அவர் அந்தத் தம்ளரைச் சுற்றி முடித்தார். பெட்டியில் வைத்தார்.

"என்ன திடீர்னு?"

"திடீர்னு இல்ல. ரொம்ப நாளா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்."

"யார்கிட்ட?"

"வேலை செய்யற எடத்துல. தனியா."

காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அவர் அவளைப் பார்த்தார். என்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாமே என்றார். நீங்கள் அப்போதே கேட்டிருக்கலாம் என்றாள் அவள். அண்ணன் மாடிக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார் என்றார். நல்லது என்றாள். வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியாகிவிட்டதே என்றார்.

"மாடி ஏறிச் சொன்னவர்தானே. இன்னொரு தடவை ஏறுங்க."

ஒரு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்ததில் சொன்னபடியே பயன்பட்டது இந்த ஒரு வரிதான். மற்றவை தேவைப்படவில்லை. மேசையில் உட்கார்ந்து அவள் வாதாடும்போது அவர் எகிறுவார், கையை ஓங்கிப் பேசுவார். இங்கே அவர் கிழிந்த செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நினைத்திருந்ததைவிட வயதானவராக இருந்தார்.

"அங்கயும் உனக்கு ஏதாவது வேலை கிடைக்கும்" என்றார்.

"இந்த வேலை கிடைக்காது. இதுவே இன்னும் ஒரு வாரத்துல போனாலும் போகும். போனாலும் வரல."

கடைசி வார்த்தை அவள் தயார் செய்து வைத்திருந்தது அல்ல. மேசைக்காகத்தான் மறுக்கிறோம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். மேசை இல்லாமலும் அந்த வாக்கியம் நின்றது.

அவர் பெட்டியின் இரண்டு காதுகளையும் மடித்து மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார்.

"அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"நான் வரலைன்னு சொல்லுங்க."

"அப்ப நான் மட்டும் போகட்டுமா?"

மாஸ்க்குக்குள் நடந்த அத்தனை வாதத்திலும் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கிண்டலா, கோபமா என்று பார்த்தாள். இரண்டும் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

"தெரியல" என்றாள். "அதை நான் இன்னும் யோசிக்கல."

"நானும் யோசிக்கல" என்றார் அவர். மாத்திரை போட்டுக்கொண்டோமா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். போடவில்லை.

மறுநாள் காலை அவள் வழக்கமான பேருந்தில் போனாள். டேப் ஒட்டவில்லை. உதட்டுப் புண்ணைப் பார்த்து ரேடியோ என்ன அக்கா என்று கேட்டாள். டேப் ஒட்டியிருந்தேன் என்றாள். ரேடியோ தன் மாஸ்க்கை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். மேற்பார்வையாளர் புதிதாக ஒரு வட்டத் தட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றார். பாதி நேரத்தில் வேறு யாரோ கூப்பிட, போய்விட்டார். அவள் உணவு இடைவேளைவரை வெட்டினாள், பிறகும் வெட்டினாள். முன்பு வெட்டிய அளவு வரவில்லை. முந்திய நாளைவிடக் கூடுதல். ஒருமுறை மாஸ்க் அசைந்தது, அது கொட்டாவி. பிற்பகலில் அவளுடைய கலங்கிய பாட்டில்களை ஆட்டோகிளேவில் அவித்துக் கொட்டிவிட்டுக் கழுவ அனுப்பினார்கள். அன்றைய பாட்டில்களை மூன்றாம் அலமாரியில் வைத்தார்கள். அவை கலங்குமா என்று தெரிய ஒரு வாரம் ஆகும்.

வீட்டில் கணவர் மாடி ஏறிப் போனார். புதிதாக வருகிறவர்கள் திரைச்சீலை தைத்துவிட்டார்கள், இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். பிறகு கணவர் தெருவில் நின்று அண்ணனோடு நீண்ட நேரம் போனில் பேசினார். அண்ணன் கோபித்துக்கொண்டார், பிறகு கடைக்கு வாடிக்கையாளர் வந்துவிட்டதால் போனை வைத்துவிட்டார். தண்ணீர் குடிக்க எதுவும் வெளியே இல்லாததால் இவர் பெட்டியிலிருந்து இரண்டு தம்ளர்களை எடுத்து வைத்தார். மற்றவை பெட்டியிலேயே இருந்தன.

அவள் வந்ததும், போவதா இருப்பதா என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வளர்ப்பு அறையில் முறை இருந்தது. சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டார்கள்.